லேசான சளிதானே, வெளியே போகலாமா? பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் இருப்பதை முடிவு செய்வது எப்படி

சளி பிடித்தவர்கள் பெரும்பாலும் தப்பான நாட்களில்தான் வீட்டில் இருக்கிறார்கள். முதல் நாள் தொண்டை லேசாகக் கரகரக்கும். "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். மறுநாள் மூக்கு ஒழுகும்; ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போவார்கள். நான்காம் நாள் உடம்பு அடித்துப் போட்டாற்போல் ஆன பிறகுதான் படுப்பார்கள். எவ்வளவு முடியவில்லையோ அவ்வளவு ஓய்வு என்பது நம் கணக்கு. வைரஸ் அந்தக் கணக்கில் நடப்பதில்லை.

கோவிட் வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். அறிகுறி தெரிவதற்கு ஏறக்குறைய இரண்டு நாள் முன்பே அது மூச்சு வழியாக வெளியேறத் தொடங்கிவிடும். அறிகுறி தொடங்குவதற்குச் சற்று முன்னிருந்து அடுத்த சில நாட்கள் வரைதான் பரவலின் உச்சம். 2020 ஏப்ரலில் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த ஓர் ஆய்வு, ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போன தொற்றுகளில் சுமார் 44 சதவீதம், கொடுத்தவருக்கு அறிகுறி தெரிவதற்கு முன்பே நடந்தவை என்று கணக்கிட்டது. அந்தப் பங்கை நாம் தடுக்க முடியாது. நமக்கே தெரியாதபோது என்ன செய்வது? நம் கையில் இருப்பது மீதிப் பங்கு. அதிலும் பெரும்பகுதி, "ஒன்றுமில்லை, லேசாகத்தான் இருக்கிறது" என்று நாம் சொல்லும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. அதனால் முடிவு எடுக்க வேண்டியது படுத்த பிறகு அல்ல, தொண்டை கரகரத்த அன்றே.

எனக்கு என்ன வந்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அறிகுறியை மட்டும் வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது. சாதாரண சளியையே 200க்கும் மேற்பட்ட வைரஸ்கள் உண்டாக்குகின்றன. அவற்றுக்கும் ஃப்ளூவுக்கும் கோவிட்டுக்கும் மூக்கு, தொண்டை, இருமல் எல்லாம் பொது. ஃப்ளூ திடீரென்று காய்ச்சலும் உடம்பு வலியுமாக வரும், சளி மெல்ல மெல்ல ஏறும் என்று சொல்வார்கள். பொதுவாக உண்மைதான், ஆனால் அதை நம்பிக் கூட்டத்துக்குள் போகும் அளவுக்கு உறுதியானதல்ல. 2020இல் வாசனை தெரியாமல் போவது கோவிட்டின் பெரிய அடையாளமாக இருந்தது. ஒமிக்ரான் என்ற உருமாறிய வகை வந்த பிறகு அது வெகுவாகக் குறைந்து, தொண்டை வலியும் மூக்கொழுகலும் முன்னுக்கு வந்துவிட்டன. அதாவது, நோய் சாதாரண சளியின் வேஷத்தைப் போட்டுக்கொண்டது.

மருத்துவரே டெஸ்ட் இல்லாமல் சொல்லத் தயங்குவதை நாம் கண்ணாடி முன் நின்று தீர்மானிக்க வேண்டியதில்லை. கேள்வியை மாற்றிக்கொண்டால் போதும்: "இது அந்த நோயாக இருந்தால், இன்றைக்கு நான் யார் பக்கத்தில் போய் உட்காரப் போகிறேன்?"

இதற்கு விடை சொல்ல மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, இந்த அறிகுறி புதிதா என்பது. அலர்ஜி உள்ளவர்களுக்கு இதுதான் முக்கியமான இடம். வருடா வருடம் அதே பருவத்தில், அதே மாதிரி கண் அரிப்பு, அடுக்குத் தும்மல், தண்ணீராக மூக்கொழுகல், காய்ச்சல் இல்லை, வழக்கமான அலர்ஜி மாத்திரைக்கு அடங்குகிறது என்றால் அது பழைய தொந்தரவு. அதே ஆளுக்கு இந்த முறை தொண்டை வலி சேர்ந்திருக்கிறது, அல்லது உடம்பு அசதி, அல்லது மாத்திரை வேலை செய்யவில்லை என்றால் அதைப் புதிதாகவே எண்ண வேண்டும். "எனக்கு எப்போதும் இப்படித்தான்" என்ற வாக்கியம் எத்தனையோ பேரைத் தொற்றோடு அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறது. ஆஸ்துமா இருமலுக்கும், புகைப்பவர்களின் காலை இருமலுக்கும் இதே சோதனைதான்: வழக்கத்தை விட்டு விலகியிருக்கிறதா?

இரண்டாவது, சுற்றிலும் பரவல் எவ்வளவு என்பது. தெரிந்தவர்களில் யாருக்குமே இல்லாத வாரத்தில் வரும் மூக்கொழுகலும், வீட்டுக்கு ஒருவர் படுத்திருக்கும் வாரத்தில் வரும் மூக்கொழுகலும் ஒன்றல்ல. பரவல் ஏறியிருக்கும்போது ஒரே ஒரு புதிய அறிகுறி போதும், வீட்டில் இருந்துவிட வேண்டும். கூடவே இருப்பவருக்குத் தொற்று உறுதியாகியிருந்தால் யோசிக்கவே தேவையில்லை.

மூன்றாவது, போகிற இடம். வயதானவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் இருக்கும் இடத்துக்கு லேசான அறிகுறியோடும் போகக்கூடாது, பரவல் குறைவாக இருக்கும் காலத்திலும். ஆளில்லாத திறந்த வெளியில் தனியாக நடந்துவிட்டு வருவது வேறு கணக்கு.

காய்ச்சல் இல்லையே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதற்கு மேல் போனால் காய்ச்சல். கோவிட் வந்தவர்களில் பலருக்குக் காய்ச்சலே வராது. எனவே காய்ச்சல் இருந்தால் வீட்டில் இருக்க வேண்டும் என்பது சரி. இல்லாவிட்டால் வெளியே போகலாம் என்பது அதிலிருந்து கிடைக்கும் முடிவல்ல.

அளப்பதிலும் தப்பு நடக்கும். சூடாகவோ குளிர்ச்சியாகவோ ஏதாவது குடித்த உடனே தெர்மாமீட்டரை வாயில் வைத்தால் தப்பான அளவு வரும். அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். அக்குளில் வைத்தால் வாயில் காட்டுவதைவிட ஏறக்குறைய அரை டிகிரி செல்சியஸ் குறைவாகக் காட்டும். உடல் வெப்பம் அதிகாலையில் தாழ்ந்து, மாலையில் ஏறும். காலை 6 மணிக்கு 37 காட்டியதை வைத்துக் காய்ச்சல் விட்டது என்று சொல்ல முடியாது. முதியவர்களுக்கு இயல்பான வெப்பமே சற்றுக் குறைவு. அவர்களுக்கு 37.8 கூட அலட்சியப்படுத்த வேண்டிய எண் அல்ல.

எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு மாத்திரை. பாராசிட்டமால் 4 முதல் 6 மணி நேரம், ஐபூப்ரொஃபென் 6 முதல் 8 மணி நேரம் காய்ச்சலை அடக்கி வைக்கும். காய்ச்சல் அடங்குவதால் வைரஸ் குறைவதில்லை. கடைகளில் கிடைக்கும் பல சளி மாத்திரைகளில் பாராசிட்டமால் கலந்தே இருக்கிறது. அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காதவர், தான் காய்ச்சல் மாத்திரை எதுவும் போடவில்லை என்றே நம்பிக்கொண்டிருப்பார். தனியாகவும் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டால் அளவு இரட்டிப்பாகிக் கல்லீரலுக்கு ஆபத்தாகவும் முடியும்.

ஒரு டெஸ்ட் நெகட்டிவ் என்றால் என்ன அர்த்தம்?

வீட்டில் செய்யும் ரேபிட் டெஸ்டில் இரண்டு கோடு விழுந்தால் விஷயம் முடிந்தது. தொற்றைக் காட்டும் 'டி' கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும், பெட்டியில் சொன்ன நேரத்துக்குள் விழுந்திருந்தால் அது பாசிட்டிவ்தான். சிக்கல் நெகட்டிவில் இருக்கிறது. சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

பரவல் அதிகமான வாரம். மூக்கொழுகும் 100 பேரில் 20 பேருக்குப் பெருந்தொற்று வைரஸ். முதல் நாளில் செய்யும் டெஸ்ட், உண்மையான 10 தொற்றில் 6ஐக் கண்டுபிடிக்கிறது என்று வையுங்கள். 20இல் 12 பேர் பிடிபடுவார்கள்; 8 பேர் தப்புவார்கள். நெகட்டிவ் வந்தவர்கள் மொத்தம் 88 பேர், அவர்களில் 8 பேருக்குத் தொற்று. அதாவது 11 நெகட்டிவுக்கு ஒன்று பொய்.

பரவல் குறைவான வாரம். 100 பேரில் 5 பேருக்குத்தான் தொற்று. 3 பேர் பிடிபடுவார்கள், 2 பேர் தப்புவார்கள். நெகட்டிவ் 97, அதில் பொய் 2. கிட்டத்தட்ட 50க்கு ஒன்று.

டெஸ்ட் மாறவில்லை, மூக்கொழுகல் மாறவில்லை. சுற்றிலும் பரவல் மாறியதால் நெகட்டிவின் மதிப்பு மாறிவிட்டது. எல்லாரும் இருமிக்கொண்டிருக்கும் வாரத்தில், "ஒரு டெஸ்ட் எடுத்துவிட்டேன், நெகட்டிவ்" என்று நிம்மதியாகப் போவது அதனால்தான் சரியில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிகுறி உள்ளவர்கள் 48 மணி நேரம் விட்டு இரண்டாவது டெஸ்ட் எடுக்கச் சொல்கிறது. அந்த இடைவெளியில் மூக்கில் வைரஸின் அளவு ஏறிவிடும். தப்பிய 8 பேரில் 6 பேர் இரண்டாவது முறை பிடிபட்டால், 82 நெகட்டிவில் 2தான் பொய். தடுப்பூசி போட்டவர்களுக்கும் ஏற்கெனவே தொற்று வந்து போனவர்களுக்கும் உடம்பு சீக்கிரமே எதிர்க்கத் தொடங்குவதால், வைரஸ் பெருகுவதற்கு முன்பே அறிகுறி வந்துவிடுகிறது. முதல் நாள் நெகட்டிவ் அவர்களிடம் இன்னும் சகஜம்.

செய்யும் முறையிலும் நிறையக் கோட்டை விடுகிறோம். டெஸ்டுக்கு முன் மூக்கைச் சிந்திக்கொள்ள வேண்டும். குச்சியை இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு உள்ளே விட்டு, மூக்கின் உள்சுவரில் நன்றாகப் படும்படி ஐந்து சுற்று. அதே குச்சியால் அடுத்த பக்கமும் ஐந்து சுற்று. சுவரைத் தொடாமல் நடுவில் சுழற்றினால் வெறும் காற்றைத்தான் சோதிக்கிறோம். ஃபிரிட்ஜில் வைத்த பெட்டியானால் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். துளிகளின் எண்ணிக்கையும் காத்திருக்கும் நேரமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தாளில் 15 நிமிடம் என்று இருந்தால் 5 நிமிடத்தில் பார்த்துவிட்டு எறியக்கூடாது, இரண்டு மணி நேரம் கழித்துக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்துப் பதறவும் கூடாது. டெஸ்ட் சரியாக வேலை செய்ததைக் காட்டும் 'சி' கோடு விழவில்லை என்றால் அந்த டெஸ்ட் செல்லாது.

சீக்கிரம் டெஸ்ட் எடுப்பதில் இன்னொரு லாபம்: ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கான வைரஸ் எதிர்ப்பு மருந்துகளுக்குக் கெடு உண்டு. கோவிட்டுக்கான பாக்ஸ்லோவிட் அறிகுறி தொடங்கி 5 நாட்களுக்குள், ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். "பார்க்கலாம், தானாகப் போய்விடும்" என்று காத்திருந்தால் இந்த வாசல் மூடிவிடும்.

எத்தனை நாள்?

விதி பல முறை மாறியதால் எல்லாருக்கும் குழப்பம். கோவிட் தொடங்கியபோது உலக சுகாதார நிறுவனம் குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு பி.சி.ஆர். (ஆய்வகத்தில் வைரஸின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்) நெகட்டிவ் கேட்டது. 2020 மே மாதம் அதை மாற்றி, அறிகுறி தொடங்கியதிலிருந்து 10 நாள், கூடவே அறிகுறியில்லாத 3 நாள் என்றது. காரணம், தொற்றுத்தன்மை போன பிறகும் பி.சி.ஆர். வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். உயிரற்ற வைரஸ் துணுக்குகளையும் அது கண்டுபிடித்துவிடும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2021 டிசம்பரில் 5 நாளாகக் குறைத்தது. 2024 மார்ச்சில் கோவிட், ஃப்ளூ, ஆர்.எஸ்.வி. (மூச்சுப் பாதையைத் தாக்கும் இன்னொரு வைரஸ்) எல்லாவற்றுக்கும் ஒரே விதி கொண்டுவந்தது: காய்ச்சல் மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும், மற்ற அறிகுறிகளும் மொத்தத்தில் குறைந்துகொண்டு வர வேண்டும், பிறகு வெளியே வரலாம், ஆனால் அடுத்த 5 நாள் மாஸ்க், காற்றோட்டம், இடைவெளி.

எண்கள் குறைந்ததற்கு வைரஸ் சாதுவானது மட்டும் காரணமல்ல. மக்களிடம் எதிர்ப்பு சக்தி ஏறியது. மனிதர்கள் எத்தனை நாள் உண்மையிலேயே வீட்டில் இருப்பார்கள் என்பதும் கணக்கில் சேர்ந்தது. புதிய பெருந்தொற்று ஒன்று வந்தால் முதல் மாதங்களில் நீண்ட கணக்கையே பின்பற்றுவது நல்லது. உங்கள் நாட்டின் சுகாதாரத் துறை அப்போது சொல்வது இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுவே விதி.

நாள் எண்ணுவதில் பலர் ஒரு நாளைத் தொலைக்கிறார்கள். அறிகுறி தொடங்கிய நாள் ஒன்று அல்ல, பூஜ்யம். புதன் மாலை தொண்டை கரகரத்தால் வியாழன்தான் முதல் நாள், திங்கள் ஐந்தாம் நாள். அறிகுறியே இல்லாமல் பாசிட்டிவ் வந்தால் டெஸ்ட் எடுத்த நாள் பூஜ்யம். பிறகு அறிகுறி வந்தால் அன்றிலிருந்து மறுபடி பூஜ்யம்.

24 மணி நேரக் காய்ச்சல் கணக்கும் அப்படித்தான். வியாழன் இரவு 9 மணிக்குக் கடைசி பாராசிட்டமால். வெள்ளி காலை 7 மணிக்கு 37.1. மாத்திரையின் வேகம் விடிகாலைக்குள் தீர்ந்திருக்கும் என்பதால் இந்த அளவை நம்பலாம். கடிகாரத்தை இங்கிருந்து தொடங்கலாம். நடுப்பகலில் ஒரு முறை, மாலை 5, 6 மணிக்கு ஒரு முறை பார்க்க வேண்டும், ஏனென்றால் திரும்பி வருவதாக இருந்தால் காய்ச்சல் மாலையில்தான் தலைகாட்டும். சனி காலை 7 வரை ஏறவில்லை, இடையில் மாத்திரையும் இல்லை என்றால் சரி. வெள்ளி மாலை தலைவலிக்கு என்று ஒரு பாராசிட்டமால் போட்டால்? கடிகாரம் மறுபடி முதலிலிருந்து.

எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களிடமிருந்து 20 நாள், சில சமயம் அதற்கு மேலும் வைரஸ் பரவக்கூடும். மருத்துவரைக் கேட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

வீட்டுக்குள் இருந்துகொண்டு வீட்டாருக்குக் கொடுக்காமல்

ஒரே ஹாலில் எல்லாரோடும் உட்கார்ந்து டி.வி. பார்ப்பது வீட்டில் இருப்பதுதான், ஆனால் ஒதுங்கி இருப்பதல்ல. காற்றைச் சிகரெட் புகைபோல நினைத்துக்கொள்ளுங்கள்: அந்த அறையில் ஒருவர் புகைத்தால் வீட்டில் எங்கெல்லாம் வாடை வருமோ அங்கெல்லாம் மூச்சுத் துளிகளும் போகும். அதனால் அறைக் கதவு மூடியிருக்க வேண்டும், வெளிப்பக்க ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கதவுப் பக்கமிருந்து ஜன்னலை நோக்கிக் காற்றுத் தள்ளும்படி ஃபேன் வைத்தால் இன்னும் நல்லது. ஏ.சி. பெரும்பாலும் அதே காற்றையே சுற்ற வைக்கிறது. அதைக் காற்றோட்டமாகக் கணக்கில் எடுக்க முடியாது. கழிவறை ஒன்றுதான் என்றால் நோயாளி கடைசியாகப் போய்விட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு வர வேண்டும்.

அறையை விட்டு வெளியே வரும்போது என்95 அல்லது அதற்கு இணையான மாஸ்க். மூக்கின் மேல் கம்பியை இரு கை விரலாலும் அழுத்தி, பலமாக மூச்சுவிட்டுப் பாருங்கள். கண்ணாடி போட்டவருக்கு அது பனித்தால் மேலே இடைவெளி இருக்கிறது என்று பொருள். தாடி இருந்தால் எந்த மாஸ்க்கும் முழுசாகப் பதியாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மாஸ்க் போடக்கூடாது.

தனி அறை இல்லாத வீடுகளே அதிகம். அப்போது படுக்கையை ஜன்னல் பக்கம் தள்ளி, தலைகள் எதிரெதிர்த் திசையில் இருக்கும்படி படுத்து, நோயாளியும் மற்றவர்களும் விழித்திருக்கும் நேரத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டால்கூட ஆபத்து குறையும். முழுசாக முடியாது என்பதற்காக ஒன்றுமே செய்யாமல் விடுவதுதான் தப்பு.

லீவு கேட்பது

"ஒரு சளிக்கெல்லாம் லீவா?" என்ற பேச்சுக்குப் பயந்தே பாதிப் பேர் கிளம்புகிறார்கள். விளக்கம் நீளமாக இருக்க இருக்க, சாக்கு போலத் தெரியும். இவ்வளவு போதும்: "நேற்று மாலையிலிருந்து தொண்டை வலி, மூக்கொழுகல். காய்ச்சல் இல்லை. முதல் டெஸ்ட் நெகட்டிவ். இரண்டாவதை வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை வர மாட்டேன்." அறிகுறி, தொடங்கிய நேரம், அடுத்து எப்போது தெரியும் என்ற மூன்றும் இருப்பதால் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை. போகாவிட்டால் கூலி போய்விடும் என்ற நிலையில் இருப்பவரிடம் வீட்டில் இருங்கள் என்று சொல்வது சுலபம். அவரால் முடியாதபோது நல்ல மாஸ்க், ஜன்னலோர இடம், மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடாமல் தனியாகச் சாப்பிடுவது, வேலை முடிந்ததும் நேரே வீடு என்ற நான்கும் அடுத்தபடியாக உதவும். மாஸ்க்கைக் கழற்றிச் சேர்ந்து சாப்பிடும் அந்த அரை மணி நேரம், நாள் முழுக்கப் போட்டிருந்ததையே வீணாக்கிவிடும்.

வீட்டில் இருக்கக் கூடாத நேரம்

மூச்சு வாங்குவது, நெஞ்சில் விடாத வலி அல்லது அழுத்தம், புதிதாக வந்த குழப்பமான பேச்சு, எழுப்பினால் எழ முடியாத தூக்கம், உதடோ நகமோ நீலம் அல்லது சாம்பல் நிறமாவது: இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே அவசர சிகிச்சை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி தொட்டாலே மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டில் ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் கருவி) இருந்தால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கையைச் சூடாக்கி, நகப்பூச்சு இல்லாத விரலில் மாட்டி, எண் நிலைக்கும்வரை பார்க்க வேண்டும். 94 அல்லது அதற்குக் கீழ் என்றால் மருத்துவரை அழைக்க வேண்டும். 90க்குக் கீழ் அவசரம். கருமையான தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்று அதிகமாகக் காட்டக்கூடும். எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால் மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

இருமல் போகவே மாட்டேன் என்கிறது

மற்றதெல்லாம் சரியாகி இருமல் மட்டும் இரண்டு, மூன்று வாரம் இழுப்பது சகஜம். மூச்சுக் குழாயின் உள்சுவர் புண்பட்டு ஆறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இதற்காக மாதக்கணக்கில் வீட்டில் கிடக்க வேண்டியதில்லை. ஆனால் குறைந்துகொண்டு வந்த அறிகுறி திடீரென்று திரும்பினால், அல்லது காய்ச்சல் மறுபடி வந்தால், வெளியே வந்து மூன்று நாளே ஆகியிருந்தாலும் திரும்ப உள்ளே போக வேண்டும். பாக்ஸ்லோவிட் சாப்பிட்டவர்களிடமும், சாப்பிடாத சிலரிடமும் கோவிட் இப்படிச் சில நாள் கழித்துத் தலைதூக்குவதுண்டு. அப்போது ரேபிட் டெஸ்ட் மறுபடி பாசிட்டிவ் காட்டினால் அதைப் பழைய தொற்றின் மிச்சம் என்று தள்ளிவிடாமல், மாத்திரை இல்லாத 24 மணி நேரத்தை முதலிலிருந்து எண்ணி, அதன் பின் மாஸ்க்கோடு ஐந்து நாளையும் மறுபடி கழிக்க வேண்டும்.